ராம் தாஸ் கட்டாரி

வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி (அக்டோபர் 8, 1911 - சனவரி 21, 1983) இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் ஆவார். ஏப்ரல் 22, 1958 முதல் சூன் 1962 வரை இப்பதவியில் இருந்தார். ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல் ஆகிய தரநிலைகளை எட்டிய முதல் இந்தியரும் இவரே. இன்றைய தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் பிறந்த இவர், வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான பயிற்சிக் கப்பலில் தொடங்கி, போர்க்காலத் தன்னார்வச் சேமப் படை வழியாகக் கடற்படைக்குள் வந்தவர். வானூர்தி தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த் கடற்படையில் சேர்ந்ததும், கோவா விடுதலை நடவடிக்கை நிகழ்ந்ததும் இவருடைய பதவிக்காலத்தில் ஆகும். ஓய்வுக்குப் பின் பர்மாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார்.

இளமையும் டஃபரின் பயிற்சிக் கப்பலும்

கட்டாரி அன்றைய சென்னை மாகாணத்தின் செங்கல்பட்டில் பிறந்தார். பள்ளி, கல்லூரிக் கல்வியை ஐதராபாத்தில் பெற்றார். இவர் மூன்று வயது நிறையாத குழந்தையாக இருந்தபோது, செப்டம்பர் 22, 1914 இரவில், செருமானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்தது. 'எம்டன்' என்ற சொல் தமிழ்ப் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த நிகழ்வு காட்டிய வேறொன்று அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை கொண்ட இந்தியாவுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு போர்க்கடற்படை அன்று இல்லை. இந்தியக் கடல்களைக் காக்கும் பொறுப்பு பிரித்தானிய அரச கடற்படையிடம் இருந்தது. இந்தியாவுக்கென இருந்த 'அரச இந்திய மரைன்' என்னும் சேவை படைகளை ஏற்றிச் செல்வது, கடல் அளவாய்வு போன்ற வேலைகளைச் செய்தது. அதன் அதிகாரிகள் பிரித்தானியர்கள்.

வணிகக் கப்பல்களிலும் நிலைமை இதுவே. கரி அள்ளவும் தளம் கழுவவும் இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கப்பலைச் செலுத்தும் அதிகாரியாக இந்தியர் ஒருவர் வருவதற்கோ வழியில்லை. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது கப்பலை வாங்க முடிந்தது. அதைச் செலுத்தப் பயிற்சி பெற்ற இந்திய அதிகாரிகளை உருவாக்கும் நிறுவனம் அப்போது நாட்டில் எதுவும் இல்லை.

இக்குறையை நீக்கும் முயற்சியும் ஒரு தமிழரிடமிருந்தே வந்தது. 1922 இல் மத்திய சட்டமன்றத்தில் சர் பி. எஸ். சிவசாமி ஐயர், இந்திய வணிகக் கப்பல் துறையை வளர்ப்பது பற்றி ஆராயக் குழு அமைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவாக அமைந்த குழு, இந்திய இளைஞர்களைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க ஒரு பயிற்சிக் கப்பல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அரச இந்திய மரைனின் பழைய படைக்கப்பலான டஃபரின் இதற்கென மாற்றியமைக்கப்பட்டு பம்பாயின் மசகானில் நிறுத்தப்பட்டது. 1927 இறுதியில் முதல் அணி மாணவர்கள் சேர்ந்தனர். அந்த முதல் அணியில் கட்டாரியும் ஒருவர்.

டஃபரின் போர்க்கடற்படை அதிகாரிகளை உருவாக்குவதற்காக ஏற்பட்டதன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இருந்தும் பிற்காலத்தில் இந்திய, பாக்கித்தான் கடற்படைகளின் உயர் அதிகாரிகள் பலர் இக்கப்பலில் பயின்றவர்களாக இருந்தனர். 1972 வரை டஃபரின் பயிற்சிக் கப்பலாக இயங்கியது.

ஊக்ளி ஆறு

பயிற்சிக்குப் பின் கட்டாரி கல்கத்தா துறைமுகப் பொறுப்பாளர்களின் கீழ் ஊக்ளி ஆற்றில் பணிபுரிந்தார். கடலிலிருந்து கல்கத்தா வரை ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவு கப்பல்கள் இந்த ஆற்றின் வழியே வரவேண்டும். ஆற்றின் மணல்திட்டுகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். நேற்று ஆழமாக இருந்த வழி இன்று தூர்ந்திருக்கலாம். 'சேம்சு அண்டு மேரி' எனப்படும் மணல்திட்டு மட்டுமே பல கப்பல்களை விழுங்கியது. ஆகவே ஆழத்தை இடைவிடாமல் அளந்து வரைபடங்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். உலகின் கடினமான கப்பல் வழிகளில் ஒன்றாக ஊக்ளி கருதப்படுவது இதனால்தான். தண்ணீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் பார்த்து அடியிலிருப்பதை ஊகிக்கும் பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த பள்ளி இருக்க முடியாது.

இதற்கிடையில் அரச இந்திய மரைன் 1934 இல் 'அரச இந்தியக் கடற்படை' எனப் பெயர் மாற்றம் பெற்றுப் போர்க்கடற்படை ஆனது. 1928 இல்தான் முதன்முதலாக ஓர் இந்தியர், பொறியியல் பிரிவில், அதிகாரியாகச் சேர்க்கப்பட்டிருந்தார். அதன் பின்னரும் ஆண்டுக்கு ஓரிருவரே எடுக்கப்பட்டனர். இச்சிறு எண்ணிக்கையின் விளைவு இருபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

இரண்டாம் உலகப் போர்

1939 இல் போர் மூண்டதும் கட்டாரி 'அரச இந்தியக் கடற்படைத் தன்னார்வச் சேமப் படை'யில் அதிகாரியாகச் சேர்ந்தார். போர்க்காலத்துக்கு மட்டும் சேர்க்கப்படும் குடிமக்களுக்கானது இப்படை. இதன் அதிகாரிகள் சட்டைக் கையில் அணியும் தரநிலைப் பட்டைகள் நேராக இல்லாமல் அலை போல வளைந்திருக்கும். வழக்கமான கடற்படை அதிகாரிகள் இவர்களைச் சற்றுக் குறைவாகவே மதித்தனர். அலைப்பட்டையோடு நுழைந்த ஒருவர் பின்னாளில் படைக்கே தலைவரானது அக்காலக் கடற்படை மரபில் எண்ணிப்பார்க்க முடியாத ஒன்று.

போர் தொடங்கும்போது ஒருசில சிறு கப்பல்களையும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரையும் கொண்டிருந்த இக்கடற்படை, போர் முடிவதற்குள் பத்து மடங்குக்கும் மேல் பெருகியது. சட்லச்சு, சம்னா, கிருட்டிணா, காவேரி, கோதாவரி, நர்மதா என ஆறுகளின் பெயர் தாங்கிய புதிய சுலூப் வகைக் கப்பல்கள் பிரித்தானியாவில் கட்டப்பட்டுச் சேர்ந்தன. நவம்பர் 1942 இல் பெங்கால் என்னும் சிறிய கண்ணிவாரிக் கப்பல், டச்சு எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் சேர்ந்து, தன்னைவிடப் பலமடங்கு பெரிய இரண்டு சப்பானியக் கப்பல்களை எதிர்கொண்டது. சப்பானியக் கப்பல்களில் ஒன்று மூழ்கியது. திறமை பற்றிய ஐயத்துக்கு இத்தகைய நிகழ்வுகள் விடை கூறின. பதவி உயர்வும் சம மரியாதையும் வேறு கதை. உணவு, ஊதியம், இழிவான நடத்தை ஆகியவற்றை எதிர்த்து பெப்ரவரி 1946 இல் பம்பாயில் வெடித்த கடற்படை வீரர்களின் கிளர்ச்சி இதை வெளிப்படையாக்கியது.

போருக்குப் பின் சேமப் படையினரில் பெரும்பாலோர் வீடு திரும்பினர். கட்டாரி நிலையான கடற்படைப் பணிக்கு மாற்றப்பட்டார்.

ஏன் பதினோரு ஆண்டுகள்?

இந்தியா 1947 இல் விடுதலை பெற்றது. தரைப்படைக்கு சனவரி 15, 1949 அன்று கே. எம். கரியப்பா தலைவரானார். வான்படைக்கு ஏப்ரல் 1, 1954 அன்று சுப்ரதோ முகர்சி தலைவரானார். கடற்படைக்கோ 1958 வரை பிரித்தானியரே தலைவர்களாக இருந்தனர். ஆல், பாரி, பைசி, கார்லில் என நான்கு பிரித்தானிய அட்மிரல்கள் அடுத்தடுத்துப் பொறுப்பு வகித்தனர். அண்டை நாடான பாக்கித்தான் தன் கடற்படைக்கு 1953 இலேயே எச். எம். எஸ். சவுத்ரி என்னும் தன் நாட்டு அதிகாரியைத் தலைவராக்கிவிட்டது.

இந்தத் தாமதத்தை வெறும் அடிமை மனப்பான்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது சரியான விளக்கமன்று. ஒரு தரைப்படைப் பிரிவின் தலைவரைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உருவாக்கலாம். கப்பற்படைத் தொகுதி ஒன்றை நடத்தும் அட்மிரல் உருவாக இருபத்தைந்து ஆண்டுகளேனும் ஆகும் என்பது அக்காலக் கணக்கு. 1930 களில் ஓரிருவராகச் சேர்க்கப்பட்ட இந்திய அதிகாரிகள் 1947 இல் இடைநிலைத் தரத்தில்தான் இருந்தனர். அத்துடன், கப்பல், படைக்கலம், உதிரிப் பாகங்கள், உயர்பயிற்சி எல்லாம் பிரித்தானியாவிடமிருந்தே வரவேண்டியிருந்தது. பிரித்தானியத் தலைவர் இருந்தால் அவை எளிதில் கிடைக்கும் என்று நேருவின் அரசு எண்ணியது. எனினும் பாக்கித்தான் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கும்போது, ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே இம்மாற்றத்தைச் செய்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

பிரிவினையில் கப்பல்கள் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பங்கிடப்பட்டன. மேற்சொன்ன சுலூப்புகளில் காவேரி உள்ளிட்ட நான்கு இந்தியாவுக்கும், கோதாவரியும் நர்மதாவும் பாக்கித்தானுக்கும் போயின. 1948 இல் டெல்லி என்னும் சிறு குரூசர், 1949 இல் மூன்று அழிகலங்கள் என்று பழைய பிரித்தானியக் கப்பல்கள் வாங்கப்பட்டன. 1950 சனவரி 26 அன்று பெயரிலிருந்த 'அரச' நீங்கி 'இந்தியக் கடற்படை' ஆயிற்று. இவ்வாண்டுகளில் இந்திய அதிகாரிகள் வழக்கத்தைவிட விரைவாக உயர்த்தப்பட்டனர். நேற்றுவரை சிறு கப்பலை நடத்தியவர் இன்று பெரிய கப்பலையும் நாளை தலைமையகப் பிரிவையும் நடத்த வேண்டியிருந்தது. கட்டாரியின் முன்னேற்றம் இவ்வலையின் முன்வரிசையில் நிகழ்ந்தது.

1956 அக்டோபரில் இவர் ரியர் அட்மிரலாக உயர்த்தப்பட்டு இந்தியக் கப்பற்படைத் தொகுதியின் தளபதியானார். கடலில் இந்தியக் கப்பல்கள் அனைத்தையும் ஓர் இந்தியர் வழிநடத்தியது இதுவே முதன்முறை. கரையில் தலைமையகத்தை நடத்துவதைவிடக் கடினமான தேர்வு இது. அன்றைய கொடிக்கப்பல்களில் ஒன்றான டெல்லி, 1939 இல் அக்கிலீசு என்ற பெயரில் தென்னமெரிக்காவின் பிளேட் ஆற்று முகப்பில் செருமானியப் போர்க்கப்பலை எதிர்த்த அதே கப்பல். (1956 இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படத்தில் அது தன் பழைய வேடத்தில் தானே நடித்தது.) இந்தியக் கப்பல்கள் திருகோணமலையில் பிரித்தானிய, பிற பொதுநலவாயக் கடற்படைகளோடு கூட்டுப் பயிற்சி செய்துவந்தன. 1957 அக்டோபரில் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். இந்தியப் பெருங்கடலில் பிரித்தானியப் பாதுகாப்புக் குடை சுருங்கத் தொடங்கிய நேரம் அது. கட்டாரி தலைமையேற்றது இந்தச் சூழலில்தான்.

கடற்படைத் தலைமைத் தளபதி

ஏப்ரல் 22, 1958 அன்று கார்லிலிடமிருந்து கட்டாரி பொறுப்பேற்றார். அப்போது இவருக்கு வயது 46. பட்டியல்களில் இவர் 'மூன்றாவது' தலைமைத் தளபதி என்று குறிக்கப்படுவது சிலருக்குக் குழப்பம் தரலாம். 1955 வரை இப்பதவிக்கு வேறு பெயர் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் முப்படைத் தலைவர்களின் பதவிப் பெயர்கள் மாற்றப்பட்ட பின் வந்தவர்கள் மட்டுமே இவ்வரிசையில் எண்ணப்படுகின்றனர். கட்டாரி வைஸ் அட்மிரலாகவே ஓய்வு பெற்றார். இப்பதவி முழு அட்மிரல் தரத்துக்கு உயர்ந்தது 1968 இல், ஏ. கே. சட்டர்சியின் காலத்தில் ஆகும்.

இவர் பொறுப்பேற்றபோது பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன். படைத்தலைவர்களுக்கும் அமைச்சருக்கும் இடையே உறவு சுமுகமாக இல்லை. 1959 ஆகத்து இறுதியில் தரைப்படைத் தலைவர் திம்மையா பதவி விலகல் கடிதம் கொடுத்து, நேரு கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெற்றார். நாடாளுமன்றத்தைக் கலக்கிய அந்நிகழ்வில் கட்டாரி பதவி விலகவில்லை.

பாதுகாப்புச் செலவில் கடற்படைக்குக் கிடைத்தது மிகச் சிறு பங்கு. நாட்டின் கவனம் வடக்கு, மேற்கு நில எல்லைகளில் இருந்தது. ஆனால் முன்னரே கேட்டிருந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்த காலமும் இதுவே. 1958 க்கும் 1960 க்கும் இடையே பிரம்மபுத்திரா, பியாசு, பேத்வா, குக்ரி, கிர்பான், குத்தார், தல்வார், திரிசூல் என எட்டுப் புதிய பிரிகேட் வகைக் கப்பல்கள் பிரித்தானியாவிலிருந்து பெறப்பட்டன. பிறர் பயன்படுத்திய கப்பல்களையே வாங்கிவந்த படைக்கு இவை புதிதாகக் கட்டப்பட்டவை. எட்டுக் கப்பல்களுக்கும் பயிற்சி பெற்ற ஆட்களைத் திரட்டுவதே பெரும் வேலையாக இருந்திருக்கும். நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுகூட இவர் காலத்தில் கிடைக்கவில்லை. முதலாவதான கல்வாரி 1967 இல் சோவியத் ஒன்றியத்திடமிருந்து பெறப்பட்டது.

1960 இல் அரசு பம்பாயின் மசகான் கப்பல் கட்டும் தளத்தையும் கல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தையும் வாங்கியது. போர்க்கப்பலை விலைக்கு வாங்கும் நாடு விற்பவரின் தயவில் இருக்க வேண்டும். இதிலிருந்து விடுபடும் முதற்படியாக இந்தக் கொள்முதல் அமைந்தது. மசகானில் கட்டப்பட்ட நீலகிரி என்னும் பிரிகேட் 1972 இல் கடற்படையில் சேர்ந்தது. கட்டாரி மாணவராகத் தங்கியிருந்த டஃபரின் நின்றதும் அதே மசகான் கரையில்தான்.

விக்ராந்த்

இப்பதவிக்காலத்தின் பெரிய நிகழ்வு விக்ராந்தின் வருகை. போர்க்காலத்தில் எர்க்குலீசு என்ற பெயரில் பிரித்தானியாவில் கட்டத் தொடங்கி, 1945 இல் நீரில் இறக்கி, போர் முடிந்ததால் அரைகுறையாக விடப்பட்ட கப்பல் இது. 1957 சனவரியில் இந்தியா இதை வாங்கியது. பெல்ஃபாசுட்டு நகரில் கட்டுமானம் முடிந்து, மார்ச்சு 4, 1961 அன்று அங்கேயே விசயலட்சுமி பண்டிட்டால் கடற்படையில் சேர்க்கப்பட்டது. கேப்டன் பிரீத்தம் சிங் மகிந்த்ரூ இதன் முதல் தலைவர். அவ்வாண்டு மே மாதம், பின்னாளில் கடற்படைத் தலைவரான ஆர். எச். தகிலியானி, கப்பலின் தளத்தில் தாரை வானூர்தியை இறக்கிய முதல் இந்திய விமானி ஆனார். நவம்பர் 3, 1961 அன்று விக்ராந்த் பம்பாய் வந்துசேர்ந்தது.

ஓடும் கப்பலின் குறுகிய தளத்தில் வானூர்தியை இறக்குவது இருபக்கமும் நுட்பம் கோரும் செயல். தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட எஃகு வடங்களில் ஒன்றை வானூர்தியின் வால் கொக்கி பற்ற வேண்டும். பற்றத் தவறினால் உடனே முழு விசையுடன் மீண்டும் எழ வேண்டும். வானூர்தியைச் செலுத்தவும், பழுதுபார்க்கவும், உந்துகலத்தை இயக்கவும் நூற்றுக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் முன்பே பயிற்றத் தொடங்க வேண்டும். ஆகையால் விக்ராந்தை வெறும் கொள்முதலாகக் கருத முடியாது. வளரும் நாட்டுக்கு இத்தகைய கப்பல் தேவைதானா என்ற எதிர்ப்பு அன்றும் இருந்தது. பத்தாண்டுகள் கழித்து 1971 போரில் இக்கப்பலின் வானூர்திகள் கிழக்கு வங்காளத் துறைமுகங்களைச் செயலிழக்கச் செய்தன. விக்ராந்த் 1997 இல் ஓய்வு பெற்று, பின்னர் உடைக்கப்பட்டது.

கோவா, 1961

விக்ராந்த் வந்து சில வாரங்களிலேயே கடற்படைக்கு உண்மையான சோதனை வந்தது. நவம்பர் 1961 இல் கார்வாருக்கு அருகிலுள்ள அஞ்சிதீவிலிருந்து போர்த்துக்கேயப் படையினர் இந்தியப் பயணிகள் கப்பல் மீதும் மீன்பிடி படகு மீதும் சுட்டனர். மீனவர் ஒருவர் உயிரிழந்தார். பேச்சுவார்த்தை பலனளிக்காத நிலையில் திசம்பர் 18 அன்று முப்படைகளும் கோவா, தாமன், தியூ பகுதிகளில் நுழைந்தன.

கடற்படைத் தொகுதிக்கு ரியர் அட்மிரல் பி. எஸ். சோமன் தளபதி. மர்மகோவா துறைமுகத்தின் முன் பேத்வா, பியாசு, காவேரி ஆகியவை நிறுத்தப்பட்டன. உள்ளே நின்ற போர்த்துக்கேயப் போர்க்கப்பலான அபோன்சோ டி அல்புகெர்க்கு மீது நண்பகலில் பேத்வாவும் பியாசும் சுட்டன. அது திருப்பிச் சுட்டது. குண்டுகள் தாக்கியதில் அதன் தலைவர் படுகாயமடைந்தார். கப்பல் கரையில் தரைதட்டியது. கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயத் தளபதியின் பெயரைத் தாங்கிய கப்பல், 451 ஆண்டுகளுக்குப் பின் அதே கோவாவில் வீழ்ந்தது. தியூவில் டெல்லி குரூசர் பீரங்கி ஆதரவு அளித்தது. வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுக்க விக்ராந்த் மேற்குக் கடலில் சுற்றியது.

அஞ்சிதீவில் நடந்தது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. கடற்காலாட்படை என்று ஒன்று அன்று இந்தியாவிடம் இல்லை. ஆகவே மைசூர், திரிசூல் கப்பல்களின் மாலுமிகளே படகில் தரையிறங்கினர். எதிரிகள் வெள்ளைக்கொடி காட்டிவிட்டுச் சுட்டனர் என்பது இந்தியத் தரப்பின் கூற்று. 7 மாலுமிகள் கொல்லப்பட்டனர், 19 பேர் காயமுற்றனர். கப்பல்களின் பீரங்கிச் சூட்டுக்குப் பின்னரே தீவு வசமாயிற்று. இந்நடவடிக்கையில் கடற்படை சந்தித்த உயிரிழப்பு பெரும்பாலும் இச்சிறு தீவில் நேர்ந்தது. தரையிறங்கு போருக்கென ஆட்களும் படகுகளும் இல்லாமல் இத்தாக்குதலைத் திட்டமிட்டது கட்டாரியின் தலைமையகத்தின் மீது வைக்கத்தக்க குறையே.

சூன் 1962 இல் கட்டாரி ஓய்வு பெற, சோமன் அடுத்த தலைமைத் தளபதியானார். நான்கு மாதங்களில் சீனாவுடன் போர் மூண்டது. அதில் கடற்படைக்கு வேலை இருக்கவில்லை.

பர்மாவில் தூதர்

1964 முதல் 1969 வரை கட்டாரி ரங்கூனில் இந்தியத் தூதராக இருந்தார். தமிழர்களின் அண்மைக்கால வரலாற்றில் இது வலிமிகுந்த காலம். நே வின் தலைமையிலான இராணுவ அரசு 1963 இல் வங்கிகளையும் 1964 மார்ச்சில் கடைகளையும் தேசியமயமாக்கியது. 1964 மே மாதம் பெரிய மதிப்புள்ள பணத்தாள்கள் செல்லாதெனவும் அறிவிக்கப்பட்டது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதல் சில்லறை வணிகர், கூலித் தொழிலாளர் வரை, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த இந்தியர்கள் வாழ்வாதாரம் இழந்தனர். சேர்த்த பொருளைக்கூட எடுத்துவர அனுமதியின்றி இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். அவர்களில் தமிழர் பலர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். தமிழ்நாட்டு நகரங்களில் உள்ள பர்மா காலனிகளும் சென்னையின் பர்மா பசாரும் இவ்வெளியேற்றத்தின் எச்சங்கள்.

இரு நாட்டு உறவு முறியாமல் காப்பதும், உடைமை இழந்தோருக்காக வாதாடுவதும் ஒரே தூதரகத்தின் வேலையாக இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டவை. இழந்த சொத்துகளுக்கு உரிய இழப்பீடு பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. மறுபுறம், மார்ச்சு 10, 1967 அன்று இந்திய-பர்மிய எல்லை உடன்பாடு ரங்கூனில் கையெழுத்தானது.

இறுதிக்காலம்

கட்டாரி தன் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 'எ செய்லர் ரிமெம்பர்சு' என்ற அந்நூல் 1982 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சனவரி 21 அன்று செகந்திராபாத்தில் காலமானார். கொச்சியில் கடற்படைக் குடியிருப்புப் பகுதி ஒன்று இவர் பெயரால் 'கட்டாரி பாக்' என்று அழைக்கப்படுகிறது.